மண்ணிடம் பாடங் கேட்ட பேராசிரியர்

முப்பத்து மூன்று ஆண்டுகள் மாணவர்க்கு இரசாயனங் கற்பித்து இளைப்பாறிய பின்னர், வலிகாமத்துச் செம்மண்ணில் எனக்குரிய நான்கு பரப்புக் காணியிலே தோட்டஞ் செய்யத் தலைப்பட்டேன். முதற் போகத்திற் கத்தரியும் பயற்றையும் குறைவின்றிக் காய்த்தன. இரண்டாம் போகத்தில் நட்ட தக்காளியே என்னைச் சோதித்தது. காய்கள் பருக்கு முன்னரே அவற்றின் அடிப்பக்கங் கறுத்துக் குழிந்து தோல்போலாயின. அது காயிலே கல்சியம் போதாமையால் வருங் குறையென்பதை நான் அறிவேன். புத்தக அறிவு கையிலிருக்க வேறொருவரைக் கேட்பானேன் என்றெண்ணி, நீறிய சுண்ணாம்பு இரண்டு மூடை வாங்கி நிலமெங்குந் தூவிக் கொத்திவிட்டேன். அடுப்புச் சாம்பலையும் தாராளமாகச் சேர்த்தேன்.

அந்நாட்களில், முன்னர் என்னிடம் கற்று இப்போது விவசாயப் போதனாசிரியராக உத்தியோகம் பார்க்கும் ஒருவர் என்னைக் காண வந்தார். வெறுமையான சுண்ணாம்பு மூடைகளைக் கண்டதும் அவர் முகம் மாறியது. எங்கள் நிலத்தின் கீழே கிடப்பதே சுண்ணக்கல் என்றும், கிணற்று நீரிலும் அது கரைந்திருக்கின்றதென்றும், இம்மண்ணுக்கு இன்னுஞ் சுண்ணாம்பு இடுவது தகாதென்றும் மிகுந்த பணிவுடன் கூறினார். அடுக்களையிலிருந்த கேத்தலின் மூடியைத் திறந்து, அதன் உட்புறத்திற் படிந்திருந்த வெண்படையையுங் காட்டினார். நான் சிரித்தேன். கல்சியத்தின் குறியீட்டை அவருக்குக் கற்பித்தவனே நானென்று வேடிக்கைபோலச் சொல்லி அனுப்பிவிட்டேன். அது வேடிக்கையன்று என்பது எனக்குந் தெரியும், அவருக்குந் தெரியும்.

அடுத்த போகத்திலும் தக்காளியின் அடி முன்போலவே கறுத்தது. அதனோடு மிளகாய்க் கன்றுகளின் குருத்திலைகள் வெளிறி மஞ்சளாயின. நரம்புகள் மாத்திரம் பச்சையாய் நின்றன. இரும்புச் சத்தை வேர்கள் பெறவில்லை என்பதற்கு அது அடையாளம். ஒரு குறையைத் தீர்க்கப் போய் இன்னொன்றை நானே உண்டாக்கியிருந்தேன்.

மனங் குன்றியிருந்த அந்த மாரிகாலத்திலேதான், யூஸ்டஸ் வொன் லீபிக் என்னும் ஜேர்மானிய இரசாயனியின் சரித்திரத்தை முதன்முதலாக முழுமையாகப் படித்தேன். அவர் பெயரை ஆண்டுதோறும் வகுப்பிற் சொன்னவன் நான். பலகைகளை ஒழுங்கற்ற உயரத்தில் அடுக்கிய பீப்பாவொன்றைக் கரும்பலகையில் வரைந்து, எப்பலகை குட்டையோ அதன் உயரத்துக்குத்தான் நீர் நிற்கும், பயிரின் விளைவும் அப்படியே என்று விளக்குவேன். அவ்விதிக்குரியவரே தம் தோட்டத்திலும் பிறர் தோட்டத்திலும் தோற்ற கதையை நான் ஒருநாளும் மாணவர்க்குச் சொன்னதில்லை. அக்கதையை இங்கே எழுதுவது, அந்தக் கடனிற் சிறிதளவையேனுந் தீர்ப்பதற்காகும்.

பட்டறையிற் பிறந்த கல்வி

லீபிக் 1803ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி, ஹெசன் நாட்டின் தலைநகராகிய டார்ம்ஸ்டாட்டிற் பிறந்தார். தந்தையார் நிறப்பொடிகளும் இரசாயனப் பொருள்களும் விற்ற வணிகர். விற்பனைக்கு வேண்டியவற்றுட் சிலவற்றைத் தம் பட்டறையிலே தாமே ஆக்கியவர். மகன் எழுத்துக்கூட்டிய அரிச்சுவடி அந்தப் பட்டறைதான். பாடசாலையில் அவர் மந்த மாணவரென்றே பெயரெடுத்தார். என்னவாகப் போகின்றாயென ஆசிரியர் வினவ, இரசாயனியாவேன் என்று அவர் விடையிறுத்தபோது வகுப்பு முழுவதும் நகைத்ததை, முதுமையிலே தம் இளமை பற்றி எழுதிய குறிப்பில் மறவாது பதிந்துவைத்தார். ஆசிரியராயிருந்த எனக்கு அவ்வரிகளைக் கடந்து போவது எளிதாக இருக்கவில்லை.

1815இல் இந்தோனேசியத் தீவுகளுள் ஒன்றான சும்பாவாவிலே தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசும் புகையும் வானத்தை மறைத்தமையால், அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் பல பாகங்களிலே கோடை கோடையாக வரவில்லை. மழையிலும் குளிரிலும் தானியம் பாழாயிற்று. அரிசிக்கு நாம் படும் பாட்டை அங்குள்ளோர் ரொட்டிக்குப் பட்டனர். அப்போது லீபிக்குக்குப் பதின்மூன்று வயது. நிலத்தின் விளைவைப் பெருக்க வேண்டுமென அவர் பின்னாளிற் கொண்ட வேகத்திற்கு அந்தப் பஞ்சத்தின் நினைவும் ஒரு காரணம் என்பாருளர்.

மருந்துக்கடையொன்றிலே சில மாதம் பயிலுநராயிருந்து திரும்பிய அவர், பொன் நகரிலும் எர்லாங்கனிலும் பல்கலைக்கழகக் கல்வி பெற்று, 1822இல் ஹெசன் அரசரின் பொருளுதவியோடு பாரிசுக்குச் சென்றார். அக்காலத்து இரசாயனத்தின் தலைநகரம் பாரிசே. அறிஞர் ஹம்போல்ட்டின் பரிந்துரையால் கே லூசாக்கின் ஆய்வுகூடத்தில் அவருக்கு இடங் கிடைத்தது. எதையும் நிறுத்தும் அளந்தும் பார்த்த பின்னரே பேசுதல் வேண்டும் என்னும் ஒழுக்கத்தை அங்கே கற்றார். அவ்வொழுக்கத்தை அவர் ஒருமுறை கைவிட்டதையே பின்னர் காணப் போகின்றோம்.

கீசன் நகரத்துக் காவற்கூடம்

ஹம்போல்ட்டின் சொல்லை மதித்து, 1824இலே ஹெசன் அரசர் இருபத்தொரு வயது இளைஞரைக் கீசன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக நியமித்தார். சிறிய நகரம், சிறிய பல்கலைக்கழகம். படைவீரர் விட்டுச்சென்ற காவற்கூடமொன்றே அவருக்கு ஆய்வுகூடமாகக் கிடைத்தது. அங்கே அவர் தொடங்கிய முறை உலகமெங்கும் பரவியது. பேராசிரியர் செய்துகாட்ட மாணவர் பார்த்திருப்பதே அதுவரை பெரும்பாலும் வழக்கம். லீபிக்கோ ஒவ்வொரு மாணவர் கையிலும் குடுவையைக் கொடுத்தார். அறியாப் பொருளொன்றைக் கொடுத்து, அது யாதென அவரே கண்டுபிடிக்கச் செய்தார். பல நாட்டு மாணவர் கீசனுக்குத் திரண்டனர். இன்று நம் பாடசாலைகளில் மாணவர் செய்யும் பரிசோதனை வகுப்புக்கு மூலம் தேடினால் அந்தக் காவற்கூடத்தின் வாசலுக்கே வந்து சேர்வோம்.

1831இல் அவர் ஐந்து கண்ணாடிக் குமிழ்கள் கொண்ட சிறு கருவியொன்றை அமைத்தார். அதனுள்ளே பொற்றாசு நீர் இருக்கும். சேதனப் பொருளொன்றை எரித்து, வரும் வாயுவை அக்குமிழ்களூடு செலுத்தினால், காபனீரொட்சைட்டை அந்நீர் பிடித்துக்கொள்ளும். கருவியின் நிறை எவ்வளவு கூடியதோ அதைக்கொண்டு பொருளிலிருந்த காபனைக் கணக்கிடலாம். முன்னர் பெரும் வல்லுநர்க்கே கைகூடிய பகுப்பாய்வு மாணவர்க்கும் எளிதாயிற்று. அமெரிக்க இரசாயனக் கழகத்தின் சின்னத்தில் அக்குமிழ்க் கருவி இன்றும் இடம்பெற்றிருக்கின்றது.

அவருடைய உயிர்த் தோழர் பிரீட்றிக் வோலர். இருவரும் வெவ்வேறு சேர்வைகளை ஆராய்ந்தனர். ஒன்று வெடிப்பது, மற்றது வெடியாதது. ஆனால் இரண்டின் பகுப்பாய்வும் ஒரே அமைப்பைக் காட்டின. வோலர் பிழைத்துவிட்டார் என்றே லீபிக் முதலில் ஐயுற்றார்; பின்னர் இரண்டும் சரியெனக் கண்டு, பகைமூட்டக்கூடிய அச்சம்பவத்தை ஆயுட்கால நட்பாக்கிக்கொண்டார். வோலர் அமைதியானவர். லீபிக்கோ தீப்பொறி. தம்மை மறுத்தவர்களை அவர் பேனாவினாற் சுட்ட சுவடுகள் அக்கால ஏடுகளெங்கும் உள்ளன. இக்குணமும் நம் கதைக்கு வேண்டியதே.

சாம்பல் சொன்ன செய்தி

1840இலே, வேளாண்மைக்கும் உயிரியக்கத்துக்கும் சேதன இரசாயனத்தைப் பிரயோகித்தல் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. மண்ணிலுள்ள மட்கையே பயிர் உண்டு வளர்கின்றது என்பது அதுவரை பலர் ஒப்பிய கொள்கை. லீபிக் அதனை மறுத்தார். காபனைப் பயிர் காற்றிலிருந்து பெறுகின்றது. நிலத்திலிருந்து அது எடுப்பது கனிப்பொருள்களை. பயிரை எரித்தாற் சாம்பலில் அவற்றைக் காணலாம். பொற்றாசு, சுண்ணாம்பு, மகனீசியா, பொசுபேற்று ஆகியவற்றை அறுவடைதோறும் வண்டியேற்றிச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, திரும்ப ஒன்றும் இடாவிடில் நிலம் வறுமையுறும் என்றார்.

இவற்றுள் எது மிகக் குறைவோ அதுவே விளைவின் எல்லையை வகுக்கும். ஏனையவற்றை எத்துணை கொட்டினும் அக்குறையை அவை நிரப்பமாட்டா என்பதே இழிவு விதி. இவ்விதியைக் காள் ஸ்பிரெங்கல் என்னும் இன்னொரு ஜேர்மானிய அறிஞர் 1820களின் பிற்பகுதியிலேயே எடுத்துக் கூறியிருந்தார். லீபிக் அவருக்குரிய மதிப்பைக் கொடுக்கவில்லை. பிற்காலத்து ஜேர்மானிய வேளாண் ஆராய்ச்சியாளர் இருவர் பெயரையும் இணைத்து ஒரு பதக்கம் ஏற்படுத்தி அந்த அநீதியை ஓரளவு நேர்செய்தனர்.

நூல் பெரும் புகழ் பெற்றது. பேராசிரியர் பரிசோதனைக் குடுவையை விட்டு வயலுக்கு இறங்கினார்.

கண்ணாடியாகிய பசளை

1845இலே, லீபிக்கின் திட்டப்படி ஆக்கப்பட்ட பசளை இங்கிலாந்தின் லிவர்ப்பூலில் மஸ்பிராட் என்னும் தொழிலதிபரின் ஆலையிலிருந்து விற்பனைக்கு வந்தது. பயிருக்கு வேண்டிய கனிப்பொருள்கள் அளவறிந்து அதிற் சேர்க்கப்பட்டிருந்தன. லீபிக்குக்கு ஒரு கவலை மாத்திரம் இருந்தது. பொற்றாசு உப்புக்கள் நீரிற் கரைவன. பெருமழை பெய்தால் அவை கரைந்து நிலத்தினடியிற் போய்விடுமே என அஞ்சினார். ஆகவே பொற்றாசைச் சுண்ணாம்போடு சேர்த்து உருக்கி, எளிதிற் கரையாத பொருளாக்கினார். அன்றியும், நைதரசன் காற்றிலுள்ள அமோனியாவிலிருந்தே போதிய அளவு வருமென நம்பியமையால் அதைப் பொருட்படுத்தவில்லை.

விவசாயிகள் விலை கொடுத்து வாங்கித் தூவினர். பயிர் அசையவில்லை. வேருக்கு எட்டாத உணவு, பூட்டிய பெட்டகத்து நெல்லைப்போல நிலத்திற் கிடந்தது. மழையிலிருந்து காக்கும் பொருட்டுச் செய்த காவலே பயிரையும் பட்டினி போட்டது.

பேரறிஞர் பிழைத்தார் என்று ஊர் சிரித்தது. அதனினும் கடுமையான அடி இலண்டனுக்கு வடக்கேயுள்ள றொதம்ஸ்ரெட் பண்ணையிலிருந்து வந்தது. அங்கே நிலவுடைமையாளராகிய லோஸ் என்பவரும், ஜோசப் ஹென்றி கில்பேர்ட் என்னும் இரசாயனியும் 1843 முதல் ஒரே வயலிற் கோதுமை விதைத்து, பாத்திக்கொரு பசளையிட்டு விளைவை நிறுத்து வந்தனர். கனிப்பொருள் மாத்திரம் பெற்ற பாத்தி, ஒன்றும் பெறாத பாத்தியை விடச் சிறிதே மேலாக இருந்தது. அமோனியா உப்பையுஞ் சேர்த்த பாத்தியோ செழித்தது. கோதுமைக்குக் குட்டைப் பலகை நைதரசனாக இருந்தது. லீபிக்கின் பசளையில் இல்லாததும் அதுவே. அவருடைய விதியே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

அந்தக் கில்பேர்ட் யார்? கீசனிலே லீபிக்கிடம் பயின்று 1840இற் கலாநிதிப் பட்டம் பெற்ற மாணவர்! இவ்விடத்தை வாசித்தபோது புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு நெடுநேரம் முற்றத்தைப் பார்த்திருந்தேன். கேத்தலின் மூடியைத் திறந்து காட்டிய என் மாணவரின் முகமே கண்முன் நின்றது.

லீபிக் அடங்கவில்லை. லோஸையும் கில்பேர்ட்டையும் பல்லாண்டுகள் கடுஞ்சொல்லால் தாக்கினார். அவர்களுக்குப் பரிசோதனை செய்யவே தெரியாதென்றும் எழுதினார். ஆயினும் தனிமையில் அவர் சும்மா இருக்கவில்லை. கீசனுக்கு அருகே மணற்பாங்கான வறுநிலமொன்றை வாங்கி, தாமே பசளையிட்டுப் பயிர் செய்து பார்த்தார். பகிரங்கத்திற் பேனா வீம்பு பேசிக்கொண்டிருக்க, வயலிலே மனிதர் மண்ணிடம் கேட்கத் தொடங்கியிருந்தார்.

சுண்ணாம்பு வெளியே வந்தது

பிழையின் வேர் எங்கே என்பதை 1850இலே ஆங்கில இரசாயனி தோமஸ் வே வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது. அவர் மண்ணைக் குழாயிலே அடைத்து, அமோனியா உப்பும் பொற்றாசு உப்பும் கரைந்த நீரை அதன்மேல் ஊற்றினார். அடியில் வடிந்த நீரில் அமோனியாவும் இல்லை, பொற்றாசும் இல்லை. அவற்றுக்கு ஈடாக வடிந்தது சுண்ணாம்பு. மண், வந்ததைப் பிடித்துக்கொண்டு தன்னிடமிருந்த கல்சியத்தைக் கைம்மாற்றாகக் கொடுத்திருந்தது.

இதன் பொருளைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். களியும் மட்கும் எதிரேற்றம் உடையவை. கல்சியம், மகனீசியம், பொற்றாசியம், அமோனியம் ஆகியவை நேரேற்றத்தோடு அவற்றிலே பற்றிக்கொண்டிருக்கின்றன. ஆசனங்களின் தொகை அளவானது. ஒன்று மிகுதியாக வந்து அமர்ந்தால் இன்னொன்று எழும்ப வேண்டும். லீபிக் அஞ்சியவாறு மழை அவ்வளவையும் இலகுவில் அள்ளிச் செல்வதில்லை. பூட்டுப் போட வேண்டிய தேவையே இருக்கவில்லை, மண்ணே காவலாளி. அதே வேளையில், நாம் நினைத்த ஒன்றை மாத்திரம் அள்ளிக் கொட்டினால் மற்றவை இடமிழக்கும் என்னும் எச்சரிக்கையும் இதிலுண்டு. குட்டைப் பலகையை உயர்த்தப் போகின்றவன் வேறொரு பலகையைக் குட்டையாக்கிவிடக் கூடும்.

என் தோட்டத்தில் நடந்ததும் இதன் கிளைக்கதையே. கல்சியம் பயிருக்குள் நீரோடு நீராக ஏறுவது. இலையிற் சென்று படிந்தபின் காய்க்குத் திரும்பி வராதது. காயினால் ஆவியாகும் நீர் சொற்பமாகையால், நீர் ஒழுங்காகப் பாயாத நாட்களில் முதலிற் பட்டினி கிடப்பது காயின் நுனியே. பேரப்பிள்ளைகளைப் பார்க்க நான் கொழும்புக்குப் போய் வந்த வாரங்களில் நிலம் காய்ந்தது. திரும்பி வந்ததும் வாய்க்கால் நிரம்ப இறைத்தேன். மண்ணிற் கல்சியம் நிறைய இருந்தும் காய் அதைப் பெறவில்லை. சாம்பலிலிருந்து வந்த பொற்றாசு வேரின் வாசலிலே கல்சியத்தோடு போட்டியிட்டது. மேலதிகமாக இட்ட சுண்ணாம்போ மண்ணின் காரத்தன்மையைக் கூட்டி, இரும்பையும் நாகத்தையும் பொசுபேற்றையும் கரையாதபடி கட்டிப்போட்டது. இதே சுண்ணாம்பு மலைநாட்டின் புளித்த மண்ணிலாயின் நன்மை செய்யும்; தேயிலைத் தோட்டங்களுக்கு, கல்சியமும் மகனீசியமும் ஒருங்கேயுள்ள டொலமைற்றை அளவறிந்து இடுகின்றார்கள். மருந்து ஒன்றுதான், நோயாளி வேறு.

ஒப்புக்கொண்ட பிழை

1852இலே பவேரிய அரசரின் அழைப்பை ஏற்று லீபிக் மியூனிக் நகருக்குச் சென்றார். அங்கே அவர் கற்பிக்கும் பாரத்தைக் குறைத்து எழுத்திலும் பொதுப் பேச்சிலும் ஈடுபட்டார். நகரங்கள் கழிக்கும் கழிவு வயலுக்கே திரும்ப வேண்டும் என்றும், அவ்வாறு திருப்பாத நாடு தன் மண்ணைக் கொள்ளையிடுகின்றதென்றும் ஓயாது எழுதினார். மாட்டிறைச்சிச் சாறு, குழந்தை உணவு, கண்ணாடிக்கு வெள்ளி பூசும் முறை என்று அவர் கைபட்ட தொழில்கள் பல. அவற்றை விரித்தால் இக்கட்டுரை கொள்ளாது.

1862இலே தம் வேளாண் நூலின் ஏழாம் பதிப்பை வெளியிட்டார். அதன் முன்னுரையிலேதான் அந்த ஒப்புதல் இருக்கின்றது. மண்ணுக்குத் தன் உணவைத் தானே காக்கும் ஆற்றல் இயற்கையாகவே உண்டென்பதை அறியாமல், படைத்தவன் குறைவிட்டுப் போனதாக எண்ணித் தாம் திருத்தப் புகுந்ததே குற்றம் என்றும், அதற்குரிய தண்டனையைத் தாம் பெற்றுக்கொண்டார் என்றும் வெளிப்படையாக எழுதினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. உலகப் புகழ் பெற்ற பெருமகன். எழுதாமலே இருந்திருந்தாலும் கேட்பாரில்லை.

அவரை முற்றும் துறந்த முனிவராக்க நான் விரும்பவில்லை. கரையாப் பசளையின் பிழையை ஒப்பினாரே யன்றி, நைதரசன் விடயத்திற் றொதம்ஸ்ரெட் அறிஞரோடு அவர் மனமிணங்கவில்லை. மண்ணிடம் தோற்றதை ஒப்பிய வாய், மாணவனிடம் தோற்றதை ஒப்பவில்லை. 1873ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 18ஆந் திகதி மியூனிக்கில் அவர் காலமானார். கீசன் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. றொதம்ஸ்ரெட்டிலே அந்தக் கோதுமை வயலும் இன்றுவரை விதைக்கப்பட்டு வருகின்றது.

புத்தகத்தை முடித்த மறுநாள் மாலை, சைக்கிளை எடுத்துக்கொண்டு என் மாணவர் வீட்டுக்குப் போனேன். நான் இருக்கும்வரை அவர் இருக்கவில்லை. இருந்தபின், சுண்ணாம்பு இட்டது என் பிழையென்றும், அதனிலும் பெரிய பிழை அன்று அவரைச் சிரித்து அனுப்பியதென்றும் சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் உள்ளே போய்த் தேநீரும், தாளும் பேனாவுங் கொண்டுவந்தார். மண்ணைப் பரிசோதிக்க எவ்வாறு எடுக்க வேண்டுமென வரைந்து காட்டினார். சுண்ணாம்பையும் சாம்பலையும் நிறுத்திவிட்டு, பூவரசங்குழையும் மாட்டெருவும் தாழ்க்கும்படியும், இறைப்பை முறை தவறாது சிறிது சிறிதாகச் செய்யும்படியும் சொன்னார். நான் மாணவனைப்போல எழுதிக்கொண்டேன்.

அடுத்த போகத்திலே தக்காளியில் நூற்றுக்குப் பத்துக் காய்கள் அளவில் அடி கறுத்தன; மிகுதி நன்றாய்ப் பழுத்தன. மிளகாய்க் குருத்து முழுப் பச்சைக்கு வர இன்னும் ஒரு போகம் சென்றது. முதற் பழங்களை ஒரு கூடையில் இட்டு அவர் வீட்டுக்கு அனுப்பினேன்.